சந்தனம் வைத்த கணினி

என் மனைவி வெண்மதி இறந்து வருஷம் திரும்பவில்லை. அதுவரை வீட்டில் பண்டிகை கூடாது என்று அவள் அம்மா, என் அத்தை, சொல்லியிருந்தார். நான் ஆயுத பூஜை போட்டேன். சிதம்பரத்தில் வெண்மதி நடத்திய டிசைன் கடையில் அது எந்த வருஷமும் நின்றதில்லை. கணினியைப் பிரித்து, கேபிள்களை உருவி, தூசி துடைத்து, மறுபடி மாட்டிச் சந்தனம் வைத்தேன்.

மறுநாள் அது எழுந்திருக்கவில்லை. கறுப்புத் திரையில் ஒரே வரி: துவங்க டிஸ்க் இல்லை.

"சாமி குத்தம்," என்றார் அத்தை போனில். கடை அவருடைய கட்டடத்தில் இருக்கிறது. "மூடிட்டு சாவிய அறிவழகன்கிட்ட குடுத்துடுங்க மாப்ள. செல்போன் கடைக்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

கணினிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடலூருக்குப் பேருந்தில் போனேன். சர்வீஸ்காரர் திரையைப் பார்த்தார். மூடியைத் திறக்கவில்லை.

"ரெண்டு டிஸ்க்கையும் ஃபார்மட் பண்ணிட்டா சாயந்தரம் வாங்கிக்கலாம் சார்."

"உள்ள இருக்குற டிசைனெல்லாம்?"

"போயிடும்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் சாவி வாங்க அறிவழகன் கடைக்கு வந்தான். வெண்மதியின் தம்பி. நான் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"இன்னுமா மாமா? பேசாம பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடலாம்."

"டார்ச்சப் புடி மச்சான்."

உள்ளே ஒரு டிஸ்க்கில் சிஸ்டம். இன்னொன்றில் அவளுடைய டிசைன்கள். கேபிள் மாட்டும் போர்ட்களில், போர்ட் 1-இல் இருக்கும் டிஸ்க்கிலிருந்து மட்டும் துவங்கு, வேறெங்கும் தேடாதே என்று செட்டிங்ஸில் வைத்திருந்தாள். அவள் அப்படித்தான். மதர்போர்டில் 1 என்று அச்சிட்ட இடத்தில்தான் சிஸ்டம் டிஸ்க்கை மாட்டியிருந்தேன்.

"சரியாத்தான மாட்டியிருக்கீங்க," என்றான்.

செட்டிங்ஸ் திரையை மேலிருந்து படித்தேன். போர்ட் 0, 1, 2, 3. மதர்போர்டில் அச்சிட்டிருந்தது 1, 2, 3, 4. திரை பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. அதற்கு ஒன்று என்றால் மதர்போர்டில் இரண்டு. இரண்டில் நான் மாட்டியிருந்தது டிசைன் டிஸ்க். அதில் துவங்க ஒன்றும் கிடையாது.

கரண்டை அணைத்து, இரண்டு கேபிளையும் இடம் மாற்றினேன். ஸ்விட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது. வெண்மதியின் பெயர் வந்தது, கீழே ஒரு காலிக் கட்டம்.

"பாஸ்வேர்டு தெரியுமா?"

"தெரியும்."

அடித்தேன். திறந்தது. அறிவழகனின் போன் ஒலித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"சாவிய வாங்கிட்டியாடா?"

அவன் என்னைப் பார்த்தான்.

"அத்த, கேபிள மாத்தி மாட்டுனது நானு. சாமி இல்ல," என்றேன். "இப்ப ஓடுது. சாவி என்கிட்டதான் இருக்கும்."

"ஊர்ல என்ன பேசுவாங்க தெரியுமா?"

"பேசட்டும். அடுத்த வருஷமும் பூஜை போடுவேன்."

அத்தை போனை வைத்துவிட்டார்.

"அம்மா விடாது மாமா. சாயந்தரம் நேர்ல வரும்."

"வரட்டும்," என்றேன். பாதி இறங்கியிருந்த ஷட்டரை மேலே தள்ளினேன்.