ஏலிக்குட்டி புருஷனின் தாடி

ராயப்பனின் தாடி 1974 மே மாதத்திலிருந்து பதினான்கு வருஷம் எந்தக் கத்திக்கும் மசியவில்லை. பிளேடு வைத்தால் பிளேடு மழுங்கியது. தையற்கடைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்ததில் கத்தரிக்கோலின் திருகாணிதான் கழன்றது. அவன் வேலூர் பஸ்ஸில் கண்டக்டர். அடி அண்ணாமலைப் பக்கம் மல்லாட்டைக் கடலை பயிரிடும் வேதக்காரக் குடும்பம்.

காரணம் திருவண்ணாமலைக்கே தெரியும். மஞ்சள் காமாலைக்குப் படுத்திருந்தபோது தனக்கு ஊசி போட்ட நர்ஸ் ஏலிக்குட்டியை அவன் கட்டிக்கொண்டான். ஏலிக்குட்டி கோட்டயத்துப் பக்கம், க்னானாயக் கிறிஸ்தவப் பெண். இரண்டு பேரும் கும்பிடுவது ஒரே மாதாவைத்தான், சொல்வது ஒரே ஜெபமாலையைத்தான். இருந்தாலும் அவள் ஜனம் வெளியே பெண் கொடுக்காது; மீறிப் போனவளின் பெயரை மாதா கோயில் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டார்கள். அவர்களில் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளைக்குச் சவரம் செய்வது ஒரு சடங்கு. நாவிதர் கத்தியோடு நின்று, செய்யலாமா என்று சபையை மூன்று முறை கேட்கவேண்டும். அந்த ஜனத்துப் பெரியவர் ஒருவர் ஆகட்டும் என்று சொல்லவேண்டும். மற்றதெல்லாம் போகட்டும், இது ஒன்றாவது நடக்கவேண்டும் என்று ஏலிக்குட்டி ஒற்றைக்காலில் நின்றாள். நாவிதர் கண்ணாயிரம் வந்து மூன்று முறை கேட்டார். அவள் அப்பா குரியாக்கோஸுக்கென்று போட்டிருந்த நாற்காலி காலியாக இருந்தது.

"நேரமாவுதும்மா, நான் ஆரம்பிச்சிட்றேன்" என்று கண்ணாயிரம் கத்தியை வைத்தார். ஒரு மயிர் உதிரவில்லை.

மறுநாள் கோயிலில் தாலி ஏறியது. ஆனால் அப்பா வாயால் அந்த ஒரு சொல் வரும்வரை கல்யாணம் பாதிதான் முடிந்திருக்கிறது என்றாள் ஏலிக்குட்டி. அவன் கூடத்தில் படுத்தான், அவள் உள்ளே படுத்தாள். குழந்தையும் அப்புறம்தான் என்றாள். ஆறு மாசத்தில் மனசு மாறிவிடுவார் என்று இருவருமே நம்பினார்கள், பாவம். மாசம் ஒரு கடிதம் போட்டாள், பதில் இல்லை. முதல் நாலு வருஷம் அழுதாள். பிறகு அழுகை வரவில்லை. அதற்கும் பிறகு, அழுகை வரவில்லையே என்ற வருத்தமும் வரவில்லை. டியூட்டிக்குப் போனாள், வந்தாள், இரண்டு பேருக்கு உலை வைத்தாள்.

தாடி மார்வரை இறங்கி அங்கேயே நின்றுகொண்டது. இந்த ஊரில் தாடி சும்மா இருக்குமா? பௌர்ணமிக் கூட்டம் அவனிடம் டிக்கெட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரி ஒருத்தி அவனைப் பார்ப்பதற்காகவே மூன்று நாள் வேலூர் போய்த் திரும்பினாள். "சாமியெல்லாம் கெடையாதும்மா, உள்ள போங்க, பின்னால எடம் ஜாஸ்தியா இருக்குது" என்பான் ராயப்பன்.

1988 மே மாதம் குரியாக்கோஸ் வந்தார். ஏலிக்குட்டியின் அம்மா செத்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. போய் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றுதான் சாகும்போது அவரிடம் கேட்டுக்கொண்டாளாம். அம்மா போன செய்தியே ஏலிக்குட்டிக்கு அப்போதுதான் தெரியும். சரி என்று தலையசைத்துவிட்டு அப்பாவுக்குக் காப்பி போட்டாள். கண்ணாடி போட்டுக்கொள்ளும் வயதாகிவிட்ட கண்ணாயிரத்தைக் கூப்பிட்டார்கள். அவர் ஒருமுறை கேட்டார், இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறைக்குக் கிழவர் சுவரைப் பார்த்தபடி ஆகட்டும் என்றார். உடனே, திரும்பிப் போக பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.

அரை மணியில் தாடி முழுதும் தரையில் கிடந்தது. கண்ணாயிரம் ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்தார், தன் கண்ணாடியையும் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அது கல்யாணத்தன்று இருந்த அதே இருபத்தேழு வயது முகம். ஒரு சுருக்கம் இல்லை. தலையிலும் நரை இல்லை, அதை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. ஏலிக்குட்டிக்கு நாற்பது முடிந்து, காதோரம் வெளுத்திருந்தது.

அப்பாவை பஸ் ஏற்றிவிட்டு, கல்யாணம் முடிந்தவர்கள் செய்கிறபடி இருவரும் போட்டோ எடுக்கப் போனார்கள். ஸ்டூடியோக்கார சுப்பிரமணி ஊருக்குப் புதியவர். ஒரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அம்மா, நீங்க உக்காருங்க. புள்ள பின்னால நிக்கட்டும்."

ராயப்பன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஏலிக்குட்டி உட்கார்ந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவன் பின்னால் போய் நின்றான்.