உப்பு பூத்த சுவர்

சுவரைப் பார்த்ததும் தர்ஷினி பெயிண்ட் டப்பாவை அப்படியே கீழே வைத்தாள்.

மறுபடியும் பூத்திருந்தது! நேற்று முழுக்கச் சுரண்டித் தேய்த்துப் பூசிய நீலக் கடலின் நடுவே, வெள்ளை வெள்ளையாக உப்பு. படகின் முனை உரிந்து தொங்கியது.

வேதாரண்யம் பக்கத்து மீனவ கிராமம். புதிய மீன் ஏலக்கூடத்தை நாளைக் காலை கலெக்டர் திறந்துவைக்கிறார். முகப்புச் சுவர் ஓவியம் தர்ஷினியுடையது. அவள் வாழ்க்கையில் முதல் சுவர். இது நின்றால் கரையோரம் முழுக்க அவளுக்குச் சுவர்கள் கிடைக்கும். நிற்காவிட்டால் பழைய இறால் கம்பெனி வேலைதான் கதி.

"ஏம்மா, இது என்ன சுவரா, சொறி பிடிச்ச நாயா?"

மீனவர் சங்கத் தலைவர் இராஜாங்கம் பின்னால் நின்றிருந்தார்.

"கொத்தனார் கடல் மணலைக் கலந்து பூசிட்டாருங்க தலைவரே. உள்ள இருக்கிற உப்பு வெளியில வருது. நான் என்ன பண்ணட்டும்?"

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். சாயங்காலம் வெள்ளையடிக்க ஆள் வருது. அவன் வந்ததும் நீ ஏணியை விட்டு இறங்கிடணும். அவ்வளவுதான்."

போய்விட்டார். தர்ஷினி சுரண்டியை எடுத்தாள். ஒரு இடத்தைச் சுரண்டினால் பக்கத்து இடம் பெயர்ந்து விழுந்தது. உச்சிவெயில் ஏறியபோது கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

சாப்பாட்டுத் தூக்கோடு அண்ணன் ஜெயபால் வந்தான். கடலுக்குப் போய்த் திரும்பிய அலுப்பில் கொட்டாவி விட்டபடி அண்ணாந்து பார்த்தவன், திடீரென்று கத்தினான்.

"ஏ பாப்பா, அந்த உப்பைப் பாரு! அப்படியே முத்தையன் மாமா மூக்கு!"

சுரண்டி அந்தரத்தில் நின்றது.

சின்ன வயதில், சுனாமிக்கு அப்புறம் குடியேறிய காலனி வீடு. அந்தச் சுவரும் இப்படித்தான் பூக்கும். விடிந்ததும் பாயில் படுத்தபடியே அண்ணனுக்கும் தங்கைக்கும் சண்டை. அது குதிரை என்பான் இவன். போடா, அது டீச்சர் கொண்டை என்பாள் அவள். கரித்துண்டால் உப்பைச் சுற்றிக் கோடு இழுப்பார்கள். மீன் விற்றுவிட்டு வரும் அம்மா ராஜம்மாள் விளக்குமாற்றோடு துரத்துவாள். மறுநாள் குதிரைக்கு இன்னொரு கால் பூத்திருக்கும். அதையும் வரைந்துவிடுவாள் தர்ஷினி. ஐந்து கால் குதிரை!

கும்பகோணத்தில் ஓவியம் படித்த காலத்தில் கோடு பிசகாமல் போடக் கற்றுக்கொண்டாள். அந்தச் சுவர் மட்டும் ஒருநாளும் நினைவுக்கு வந்ததில்லை.

"அண்ணே, அந்தக் கறுப்பு டப்பாவை எடு."

"சோறு?"

"எடுன்னா எடு!"

தூரிகை பறந்தது. உப்பை அவள் தொடவில்லை. அதைச் சுற்றித்தான் கோடு ஓடியது. படகு முனையில் ஒரு பெரிய மூக்கு, அதன் கீழே வெள்ளைத் தாடியோடு கிழவர். அலைக்குள் கொடுவா மீன்களின் வயிறு. எதற்கும் வசப்படாத ஒரு திட்டு மட்டும் பாக்கி. தலையைச் சாய்த்துப் பார்த்துச் சிரித்தாள். அலைமேல் ஐந்து கால் குதிரை பாய்ந்தது.

சாயங்காலம் வாளியும் மட்டையுமாக ஆள் வந்துவிட்டார், கூடவே தலைவரும்.

"எங்கேருந்து அடிக்கட்டும் தலைவரே?"

இராஜாங்கம் சுவருக்கு வெகு பக்கத்தில் போய் நின்றார்.

"இது... நம்ம முத்தையன்தானே?"

தர்ஷினி தலையாட்டினாள்.

"பாவிப்பய. உசுரோட இருந்தப்ப சங்கத்துல ஒரு கூட்டம் விடமாட்டான். செத்தும் மூக்கை நுழைக்கிறான் பாரு!" சிரித்தவர் சட்டென்று முறைத்தார். "அது சரி, விடிஞ்சா மறுபடியும் பூக்குமே?"

"பூக்கட்டுமே தலைவரே. மாமாவுக்குத் தாடி வளரும்."

வெள்ளையடிக்க வந்தவர்தான் முதலில் சிரித்தார். வாளி கீழே இறங்கியது.

"நாளைக்குக் கலெக்டர் முகம் சுளிச்சாருன்னா, மொத வேலையா வெள்ளைதான்" என்றார் தலைவர்.

விடிந்தது. கிழவரின் தாடி மார்புவரை இறங்கியிருந்தது. கலெக்டர் ரிப்பனை மறந்துவிட்டுக் குதிரையின் கால்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அஞ்சாவது எதுக்குங்க?"

"ஸ்டெப்னி சார்" என்றான் ஜெயபால். கூட்டம் கொல்லென்று சிரித்தது. கலெக்டரும்தான்.

மீன் கூடையோடு நின்ற ராஜம்மாள் மகளின் காதருகே குனிந்தாள். "நல்லவேளை, நான் விளக்குமாறு எடுத்துட்டு வரல."

இராஜாங்கம் ஓரமாகக் கூப்பிட்டார். "பின்பக்கச் சுவரும் அதே கொத்தனார் பூசினதுதாம்மா. காலையிலதான் லேசா பூத்திருக்கு. எப்ப ஆரம்பிக்கிறே?"

"அவசரப்படாதீங்க தலைவரே" என்றாள் தர்ஷினி. "நல்லாப் பூக்கட்டும்."