கட்ட இடமில்லாத காயம்

கண்ணாடிப் பட்டறையில் இவனைக் ‘கம்பவுண்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதலுதவிப் பயிற்சிக்குப் போய்வந்த நாளிலிருந்து, ரத்தத்தை நிறுத்தக் கை காலில் இறுக்கிக் கட்டும் டூர்னிகே பட்டையை இடுப்புப் பையில் வைத்துக்கொண்டே அலைந்தான். அதிகம் கிண்டல் செய்தது தங்கையின் கணவன்தான். அந்த மாப்பிள்ளையை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே இவன்தான்.

“தலைவலின்னா கழுத்துல கட்டிவிடுவியா மச்சான்?”

செவ்வாய்க்கிழமை காலை, தாங்கியிலிருந்து சாய்ந்த பெரிய கண்ணாடியை அந்த மாப்பிள்ளை கையால் தடுக்கப் போனான். அது உடைந்து அவன்மேல் இறங்கியது. தொடை மடிப்பிலிருந்து ரத்தம் பீறிட்டது.

இவன் பட்டையை எடுத்தான். பழகிய கை. காலுக்குள் நுழைத்து மேலே ஏற்றி, பட்டையை இறுக்கும் குச்சியைத் திருகினான். பட்டை காயத்துக்குக் கீழேயே நின்றது. அவிழ்த்து மறுபடி ஏற்றினான். வழுக்கியது. வயிறு தொடங்கும் இடம் அது. அதற்கு மேல் கட்டக் கால் இல்லை. மூன்றாவது தடவையும் நழுவிய பிறகுதான் அதை எறிந்துவிட்டு, சட்டையைச் சுருட்டிக் காயத்துக்குள் திணித்து இரண்டு கையாலும் அழுத்தினான். ரத்தம் மட்டுப்பட்டது.

“குளிருது மச்சான். அவகிட்ட சொல்லாத, பயந்துடுவா.”

“பேசாத மாப்ள. ஆம்புலன்ஸ் வந்துட்டே இருக்கு.”

வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

“அழுத்திப் பிடிச்சது சரிதான். கொஞ்சம் முன்னாடியே…” என்று தொடங்கிய டாக்டர், இவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பையில் பட்டை இல்லாதிருந்தால் கை நேராகக் காயத்துக்குத்தான் போயிருக்கும். இது இவனுக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் தங்கை ஒன்றையே சொன்னாள். “எங்கண்ணன் பக்கத்துல இருந்ததாலதான் அவர் அவ்வளவு நேரமாவது இருந்தார்.”

“இல்லம்மா…” என்றான். முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான். அழுகிறான் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் அவள் கிண்ணத்தில் வெந்நீரோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“கையைக் குடுண்ணா.”

நகக்கண்களில் ரத்தம் கறுத்து உறைந்திருந்தது. விரல் விரலாகப் பிடித்து, ஊக்கின் முனையால் வலிக்காமல் சுரண்டி நீரில் அலசினாள். தண்ணீர் மெல்லப் பழுப்பேறியது. பத்து விரலும் முடிந்த பிறகும் அவள் எழவில்லை. கிண்ணத்தைக் கொட்டாமல் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தளும்பாதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.