இரண்டு கோடு வெட்டுகிற இடம்

ஊரூர் குப்பத்து ஜான்சன் கூடப்பிறந்தவனிடம்கூடச் சொல்லாத இடம் அது. கடலுக்கடியில் பாறை கிடக்கும், மீன் அண்டும். பார் என்பார்கள். கரையில் மாதா கோயில் கோபுரமும் அதன் பின்னாலிருக்கும் தண்ணீர் டாங்கும் ஒரே நேராக நிற்க வேண்டும். வடக்கே உடைந்த பாலமும் லைட் ஹவுஸும் அதேபோல் நேராக நிற்க வேண்டும். அங்கே வலை விட்டால்தான் அவன் வீட்டில் உலை கொதிக்கும். ஜிபிஎஸ்ஸில்கூட அவன் அதை ஏற்றவில்லை. இரவல் வாங்குகிறவன் நோண்டாமல் சும்மாவா இருப்பான்?

அப்படிப்பட்டவன் மகள் ஏஞ்சலிடம் மட்டும் வாயை விட்டுவிட்டான். பெண்பிள்ளை கடலுக்கா போகப்போகிறது என்ற நினைப்பு. வீட்டில் புழங்கும் கணக்கு ஒன்றைப் பள்ளிக் கணக்காக்கிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் மர்சலின் டீச்சர். கணக்கென்றாலே காய்ச்சல் வருகிற பிள்ளை, இதில் மட்டும் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்தது.

பள்ளியில் வைத்த கணக்குக் கண்காட்சிக்குப் போய்ப் பார்த்தால், சார்ட்டில் கரையோர வரைபடம், குறுக்கே இரண்டு கோடு, வெட்டுகிற இடத்தில் சிவப்புப் புள்ளி. அச்சு அசல் அவனுடைய பார்! தன் பிள்ளையோடு வந்திருந்த அடுத்த வீட்டு சக்திவேல் அந்தப் புள்ளியை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் பெரிய படகு, சுருக்குமடி வலை. ஒரு தடவை வளைத்தால் போதும், பாரில் பொடிமீன்கூட மிஞ்சாது.

முதல் பரிசு ஏஞ்சலுக்குத்தான் என்று டீச்சர் பூரித்துப்போய் அறிவித்தார். அப்பாவும் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றார்.

"தப்பு டீச்சர். அங்க பாரே கெடையாது. பொண்ணு இன்னாத்தையோ கிறுக்கி வெச்சிக்கீது."

டீச்சருக்கு முகம் விழுந்துவிட்டது. கடலைத் தெரிந்தவனே சொன்ன பிறகு அவர் என்ன செய்வார், பரிசு வேறு பிள்ளைக்குப் போனது. ஏஞ்சல் அழவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்.

"நீ சொன்ன மாரிதானே நைனா போட்டேன்?"

"நீதான் தப்பா போட்டுக்கீறே."

பாவி, அதையும் சொன்னான். அவள் அப்படியே நம்பினாள். தனக்குக் கணக்கு வரவே வராது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, சார்ட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். ஜான்சனுக்குச் சோறு இறங்கவில்லை. பார் தப்பித்ததே என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

மறுநாள் பொழுது புலரப் படகை எடுத்தான். கோபுரமும் டாங்கும் நேருக்கு வந்தன. பாலமும் லைட் ஹவுஸும் நேருக்கு வருவதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. பாருக்கு மேலே சக்திவேலின் படகு வலையை வளைத்து இழுத்துக்கொண்டிருந்தது.

ஏஞ்சல் போட்ட கணக்கை நம்பியவன் அவன் ஒருவன்தான்.