இணையத்தில் காலமான விதோயே

தெருவில் யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று மூடியைத் திறக்காமலே சொல்லக்கூடியவள் கோசாரா. அப்பேர்ப்பட்டவளுக்கு, எதிர்வீட்டு விதோயே செத்துப்போன சேதியை முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் நெகோதின் ஊரிலிருந்து முன்பின் தெரியாத ஒருத்தி எழுதித்தான் தெரிவிக்க வேண்டியிருந்தது. அவமானம்.

"விதோயே கால்யெவிச்சின் மறைவுக்கு எங்கள் இரங்கல். புனித ம்ராதாவின் நாளன்று நாங்கள் ஏழு பேர் வந்து அவர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்ற விரும்புகிறோம். அன்புடன், ஸ்தமேனா."

கோசாரா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். காலமானவர் எதிரே விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

தப்பு எங்கே நடந்ததென்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அடுத்தவர் விவகாரத்தில் மூக்கை நுழைக்க அவளுக்குக் கிடைத்த கௌரவமான வழி, இணையத்தில் வம்சாவளி தேடுகிறவர்களின் குழு. இவள் கல்லறைகளைப் படம் எடுத்து அனுப்புவாள். கிராட்ஸ் நகரில் பஸ் ஓட்டும் ஒப்ராத், அந்தக் காலத்துக் கோழிக்கிறுக்கலைப் படித்து, 1863-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரிகளையும் கல்லறைப் பெயர்களையும் எல்லோருக்கும் பொதுவான குடும்ப மரத்தில் ஏற்றுவார். சம்பளம் கிடையாது. யாரோ ஒருவர் "நன்றி, என் கொள்ளுத்தாத்தா கிடைத்தார்" என்று எழுதினால் அன்றைக்கு ஒப்ராத்தின் பஸ் கொஞ்சம் வேகமாகவே ஓடுமாம்.

மனைவி இறந்ததும் அவள் கல்லறைக் கல்லிலேயே கணவன் தன் பெயர், படம், பிறந்த ஆண்டு எல்லாம் செதுக்கி, பக்கத்தில் ஒரு கோடு போட்டு, மிச்சத்தைப் பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது எங்கள் வழக்கம். விதோயேவும் அப்படித்தான் செய்திருந்தார். படம் அழகாக வரட்டுமே என்று கோசாரா பூஜாடியை நகர்த்தி வைத்தாள். அது சரியாக, இறந்த ஆண்டுக்காக விட்ட அந்தக் காலி இடத்தை மறைத்துக்கொண்டது. ஒப்ராத் "இறந்தவர், ஆண்டு தெரியவில்லை" என்று போட்டுவிட்டார்.

சொல்லாமல் இருக்கலாம்தான். ஆனால் ஏழு பேர் வண்டி பிடித்து வந்து, செத்தவரே கதவைத் திறந்தால்? கோசாரா சாலையைக் கடந்தாள்.

விதோயேவுக்கு எண்பத்து நாலு வயது. தெருவில் எல்லாருக்கும் சித்தப்பா. ரத்த வழியில் ஒருவருக்கும் எதுவும் இல்லை. பிள்ளை கிடையாது, கூடப் பிறந்தவர் கிடையாது. குலப் புனிதர் ம்ராதாவின் நாளை, எங்கள் பேச்சில் ஸ்லாவாவை, நாலு வருஷமாகத் தனியாளாய்க் கொண்டாடுகிறார். பண்டிகை அப்பத்தை இருவராகப் பிடித்துச் சுற்றிப் பிளக்க வேண்டும், அதற்கு இன்னொரு ஜோடிக் கை தேவை. அதற்கு அவசரத்தில் வரும் பாதிரியார்தான். தன்னோடு குலத்தின் ஸ்லாவா மெழுகுவர்த்தி அணைந்துவிடும் என்பது ஒன்றுதான் அவருக்குக் கவலை. சாவு அப்படியொன்றும் பெரிய கவலையில்லை.

"சித்தப்பா, கோவப்படக் கூடாது."

"யாரப் பத்தி என்ன பரப்பிட்டு வந்திருக்க?"

"உங்களப் பத்திதான். செத்துட்டீங்களாம்."

விதோயே கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தார். "எப்ப?"

"தேதி போடல."

"ஒரு வார்த்த முன்னாடி சொல்லியிருக்கலாம்ல. சவரமாவது பண்ணியிருப்பேன்."

கோசாரா எல்லாவற்றையும் கொட்டினாள். பூஜாடியை மட்டும் காற்று நகர்த்தியதாகச் சொன்னாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒப்ராத் படித்துக் கொடுத்த வரியை வாசித்தாள்: "வீடு பதினேழு. குடும்பத் தலைவர் வுகொலா கால்யெவிச், வயது நாற்பத்தொன்று. தம்பி ஸ்ரெதேன், இருபத்தாறு, ஊரில் இல்லை."

"வுகொலா எங்க முப்பாட்டன். தம்பியா? தம்பி யாருமே இல்லியே!"

"இருந்திருக்காரு. ஸ்தமேனா எழுதியிருக்கு, நெகோதின் பக்கம் போயி வீட்டோட மாப்பிள்ளை ஆயிட்டாராம். பொண்டாட்டி வீட்டுப் பேரையே வச்சுக்கிட்டாராம்."

"அதான் ஒருத்தரும் வாயத் தொறக்கல. வீட்டோட மாப்பிள்ளையாப் போனவன எந்த வீட்டுல சித்தப்பான்னு சொல்லிக்குவாங்க?"

"ஆனா ம்ராதாவ மட்டும் விடல. அந்த வீட்ல வருஷத்துக்கு ரெண்டு ஸ்லாவா. ரெண்டாவது எதுக்குன்னு யாருக்கும் தெரியாமலே நூத்தி அறுபது வருஷமாக் கொண்டாடியிருக்காங்க. இந்த ஸ்தமேனாதான் எதுக்குன்னு தேட ஆரம்பிச்சு, மரத்துல உங்க பேரு வரைக்கும் வந்து சேந்திருக்கு."

விதோயே விறகின்மேல் உட்கார்ந்தார்.

"இத்தன நாளா ஏன் கண்டுபிடிக்கல?"

"உயிரோட இருக்கறவங்க பக்கத்த அந்த மரம் பூட்டி வச்சிரும் சித்தப்பா. செத்தாத்தான் வெளியாளுக்குத் தெரியும். நாளைக்கே உங்கள உயிரோட ஆக்கிடச் சொல்றேன்."

"தொடாத!" என்றார் விதோயே. "அவங்க வந்து சேர்ற வரைக்கும் செத்தே இருக்கேன். பூட்டிட்டா பாதி வழியில திரும்பிட்டாங்கன்னா?"

"அப்படியெல்லாம் ஆகாது."

"உனக்கு எப்படித் தெரியும்? நான் செத்ததே உனக்குத் தெரியல."

கோசாரா கண்ணாடியைக் கழற்றினாள். "எழுதிக் கூப்பிடட்டுமா?"

"ஸ்லாவாவுக்கு என்னைக்கு யாரக் கூப்பிட்டோம்? வர்றவங்க வருவாங்க."

கோசாரா ஸ்தமேனாவுக்கு ஒரு வரி எழுதினாள்: "கல்லறைக்குப் போகும் முன் வீட்டுக்கு வாருங்கள்." அதன்பின் பத்தொன்பது நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. ரொட்டிக்கடைக்காரி அவளுக்குத் தொண்டையில் ஏதோ வியாதி என்றே நினைத்தாள்.

ம்ராதா நாளன்று விதோயே கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டார். சேவல் வெந்துவிட்டது. அப்பம் தயார், மெழுகுவர்த்தி எரிகிறது. பாதிரியாருக்கு இன்னும் நாலு வீடு பாக்கி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னும் அஞ்சு நிமிஷம் சாமி," என்றார் விதோயே. இதை ஐந்தாவது தடவையாகச் சொன்னார். கோசாரா ஜன்னலை விட்டு நகரவில்லை. ஏதோ வேன் வந்தது, நிற்காமல் போனது. விதோயே மேஜை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டார். சுருக்கம் ஒன்றும் இல்லை.

வேன் திரும்பி வந்தது. வீட்டைத் தாண்டிப் போய்விட்டார்களாம்.

கறுப்புக் கோட்டில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். கையில் வெள்ளைச் சாமந்தி. பின்னால் அண்ணனும் மற்றவர்களும்.

"விதோயே கால்யெவிச் வீடு இதானே? நாங்க வந்து... அவருக்கு..."

"சொந்தம்னு சொல்லும்மா. நாக்கு சுளுக்கிக்காது."

"நீங்க?"

"செத்தவன்தான். உள்ள வாங்க, சூப்பு ஆறுது."

ஸ்தமேனா சிலுவைக் குறி போட்டாள். பிறகு அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை நடுவிலேயே சிரிப்பாக மாறி, அண்ணனுக்கும் தொற்றியது. அந்த அண்ணனின் கையும் விதோயேவின் கையும் சேர்ந்து அப்பத்தைச் சுற்றின. பாதிரியார் அவசரத்தை மறந்து முழுப் பாட்டையும் பாடினார்.

பூவை மட்டும் ஸ்தமேனா முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தாள். எங்கள் வழக்கத்தில் பூவின் எண்ணிக்கை உயிரோடிருப்பவருக்கு ஒற்றைப்படை, செத்தவருக்கு இரட்டைப்படை. அவள் கொண்டு வந்தது ஆறு. விதோயே கேட்டு வாங்கினார், எண்ணினார். ஒன்றை உருவிக் கோசாராவிடம் நீட்டினார்.

"அஞ்சு எனக்கு. இது என்னக் கொன்னவளுக்கு."

"நான் இல்ல சித்தப்பா, அந்த ஒப்ராத்துதான்... பூஜாடி வேற..."

"தெரியும், தெரியும். காத்துதான நகத்துச்சு?" அவர் பூவை அவள் கையில் திணித்தார். "நல்லா இரு தாயி. அந்தப் பஸ்காரரும் நல்லா இருக்கட்டும்."

கோசாரா பூவோடு வெளியே வந்தாள். வேலிக்கு அப்பால் ரொட்டிக்கடைக்காரி எட்டிப் பார்த்தாள். "யாருடி அது, இவ்வளவு கூட்டம்?"

சொல்வதற்கு கோசாராவிடம் ஒரு மணி நேரத்துக்குச் சரக்கு இருந்தது.

"சித்தப்பாவோட சொந்தக்காரங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, ஜாடியில் தண்ணீர் பிடிக்கப் போனாள்.