காற்றளக்கும் கருவிக்குப் பூ வைத்தவள்

1

இந்தக் கதை ஒரு காய்ந்த சாமந்திச் சரத்திலிருந்து வந்தது. காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டு மொட்டைமாடியில், காற்றின் வேகத்தை அளக்கும் கருவியில் அது சுற்றிக் கிடந்தது. மீதியை நானே சேர்த்துக்கொண்டேன்.

2

காற்று மாசு மாதிரிகளில் வானிலைக் கணிப்பின் பிழையானது...

(இப்படித் தொடங்கினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.)

சுகாசினி ஏனாத்தூர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. அந்த வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருப்பவள். புகை எங்கே போகும் என்று அவள் கணினி சொல்ல வேண்டுமானால், காற்று எப்படி வீசும் என்று முதலில் அதற்குச் சரியாகத் தெரிய வேண்டும். ஊருக்கான கணிப்பை, மாடியில் தான் பொருத்திய கருவியின் அளவோடு ஒப்பிட்டுத் திருத்துவாள்.* தீபாவளிக் காலையில் காற்று அசையாது, புகை தெருவிலேயே தங்கும் என்று வந்தது.

கீழ்வீட்டு நெசவாளர் உமாபதிக்கு மூச்சிழுப்பு. போன தீபாவளியை ஆஸ்பத்திரியில் கழித்தவர். இந்த வருடம் மகள் காவேரிக்குத் தலைதீபாவளி. ஆனாலும் அவர் மட்டும் ஊரோரம் செவிலிமேட்டில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவாயிற்று.

3

பிறகுதான் சுகாசினி அந்தச் சரத்தைப் பார்த்தாள். ஆயுத பூஜையன்று உமாபதியின் மனைவி மஹாலட்சுமி கட்டியது.

'கயிறு ஏதோ சிக்கிடுச்சுக்கா' என்று அவள் பூசி மெழுக...

(இல்லை. இவள் அப்படிச் செய்யமாட்டாள்.)

"நீங்க வெச்ச பூதான்கா. கருவியோட கிண்ணம் சுத்தவே இல்ல. காத்தே இல்லன்னு கணக்காயிடுச்சு."

"தறிக்கு வெச்சேன், தறில ஓடுற நாடாக்கு வெச்சேன். இது மட்டும் மொட்டையா நின்னுக்கினு இருந்துச்சு. மனசு கேக்கலமா."

"காத்தையே கட்டிப் போட்டவ," என்றார் உமாபதி. "நான் எம்மாத்திரம்?"

"நீ சும்மா இருய்யா. நல்லவேளை நீ சொன்னேமா. இல்லாங்காட்டி வருசா வருசம் வெச்சிருப்பேன்."

பூஜைக்குப் பிந்தைய அளவுகளை நீக்கிவிட்டு, சுகாசினி மறுபடி கணக்கிட்டாள். மெல்லிய காற்று வரலாம் என்றது.

"வந்துடும்னு சொல்லலக்கா, வரலாம். பட்டாசு கம்மியா இருந்தா அந்தக் காத்தே போதும். தெருவே வெடிச்சா போதாது."

4

(முதல் முடிவு: காற்று நன்றாக வீசியது. அது ஆண்டவன் கையில். எழுத எனக்கு உரிமையில்லை. இரண்டாவது: உமாபதி செவிலிமேட்டுப் பேருந்தில் ஏறினார். எழுத மனமில்லை.)

மஹாலட்சுமி முந்தானையைச் செருகிக்கொண்டு வீடு வீடாகப் போகிறாள்.

"எங்கூட்டுக்காரருக்கு இழுப்புபா. காலைல மட்டும் வெடி வேணாமே?"

எதிர்வீட்டு மாணிக்கவேல் சரவெடியைப் பரண்மேல் போட்டுவிட்டார். "சாயங்காலம் பாத்துக்கலாம்கா. பொண்ணு வர்ற நாளு, அவரு இல்லாம எப்படி?"

அடுத்தது உங்கள் வீடு. கதவைத் தட்டுகிறாள்.

* கடையில் வாங்கிய சட்டையை நம் தோளுக்குப் பிரித்துத் தைப்பதில்லையா, அதுபோல.