இரண்டு குறில், ஒரு நெடில்

கூட்ஸ் வண்டி ஓட்டுகிறவர்கள் ஐம்பத்திரண்டு வயதானால் என்ஜினாகிவிடுவார்கள். ஊசிப்பாறை ஜங்ஷனில் இது ஒன்றும் அதிசயமில்லை. வீட்டுக்காரி போய் அடையாளம் காட்டிக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். சுசீலாமேரிக்குச் செவ்வாய்க்கிழமை தபால் வந்தது. புதன்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குள் வந்து காட்டவும், தவறினால் உங்கள் கணவர் அருளப்பன் எல்லை தாண்டிவிடுவார் என்று போட்டிருந்தது.

தாண்டினால் என்ன ஆகும்? அந்தப் பக்கம் ஆந்திரா. அங்கே வேறு நம்பர் எழுதுவார்கள். நம்பர் மாறின என்ஜினுக்குப் பழைய வீடு கொஞ்ச நாளில் மறந்துபோகும்.

பக்கத்து வீட்டுக் கோமளா போன வருஷமே தன் ஆளைக் கூட்டி வந்துவிட்டாள். சந்து முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கிறார் மனிதர். பால்காரர் அவருக்கு அடியில் குனிந்துதான் போய் வருகிறார். கோமளா அவருடைய கைப்பிடிக் கம்பியில் துணி காயப்போடுகிறாள். எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க என்று சுசீலாமேரி கேட்டாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, உனக்கும் தெரியும் என்று சொல்லிவிட்டு கோமளா பாவாடையை உதறினாள். இந்தப் பதில்தான் சுசீலாமேரியின் தூக்கத்தைக் கெடுத்தது.

அவளுக்கு அருளப்பனைச் சத்தமாகத்தான் தெரியும். வீடு லெவல் கிராசிங் ஓரம். டியூட்டி முடிந்து வருகிறபோது கிராசிங்கில் ஹாரன் அடிப்பார். இரண்டு குறில், ஒரு நெடில். உலை வை என்று அர்த்தம். லைன் ஓரத்து வீடுகளில் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு ஹாரன் உண்டு. அவள் ஓர் ஆழாக்கு அரிசி போடுவாள். அவர் வண்டியை ஒப்படைத்துவிட்டு நடந்து வருவதற்கும் சோறு வடிவதற்கும் சரியாக இருக்கும். சாப்பிடுவார். சுவரைப் பார்த்துப் படுப்பார். பத்தொன்பது வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

புதன்கிழமை அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாளைக் கருவாட்டுக் குழம்பு வைத்து, சோற்றோடு கேரியரில் அடைத்து எடுத்துக்கொண்டு இரண்டு மணிக்கே ஜங்ஷனுக்குப் போய்விட்டாள். அவசரப்படுகிறவர்களுக்கு அங்கே பிளாட்பாரம் நீளும். அவள் வேகமாக நடந்தாள். அது மூன்று மடங்கு நீண்டது. நடுவில் ஒருமுறை உட்கார்ந்து, எனக்கொன்றும் அவசரமில்லை என்று அதற்குக் கேட்கும்படி சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம்தான் ஆபீஸ் வந்தது.

அடையாள குமாஸ்தா பெயர் திருவேங்கடம். மாநில எல்லை அவர் மேஜைக்கு நடுவே ஓடியது. பேனா இந்தப் பக்கம், மைப்புட்டி அந்தப் பக்கம். முதலில், வந்திருப்பது அவள்தான் என்பதற்கு அத்தாட்சி கேட்டார். ஆதார் அட்டையை நீட்டினாள். அதில் அவள் முறைத்துக்கொண்டிருந்தாள். கையெழுத்து ஆகும்வரை அதே மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கச் சொன்னார். நின்றாள். கன்னம் வலித்தது. ஆபீஸென்றால் அப்படித்தான், யாரைப் போய் நோவது?

அடையாளம் என்ன என்று கேட்டார். ஹாரன் அடிக்கச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் காட்டிவிடுவேன் என்றாள்.

"இங்க ஹாரன் கூடாதும்மா. அடிச்சா எல்லை நகர்ந்துடும். போன மாசம் ஒருத்தர் அடிச்சாரு, நாலு தெரு அந்தப் பக்கம் போயிடுச்சு. என் மாமியார் வீடு அதுல ஒண்ணு."

"எல்லைக்கு அந்தப் பக்கம்?"

"அங்க எவ்வளவு வேணா அடிக்கலாம்."

பெயர் சொல்லிக் கூப்பிடவும் கூடாதாம். கூப்பிட்டால் எல்லா என்ஜினும் திரும்பிப் பார்க்கும், தண்டவாளம் தாங்காது என்றார். பிறகு படிவத்தை எடுத்தார். எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார்? சிரித்தால் முதலில் எது அசையும்? தனியாக இருக்கும்போது என்ன முனகுவார்? ஒன்றுக்கும் அவளுக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குப் பின்னால் பயம் வந்தது. கடைசியில், டியூட்டியில் சாப்பிட்ட கேரியரைக் கழுவித்தான் கொண்டுவருவார் சார், மற்ற டிரைவர்கள் அப்படியே கொண்டுவந்து போடுவார்கள் என்றாள். திருவேங்கடம் எழுதினார். ஒரு நிமிஷம் யோசித்து, எழுதியதை அடித்துவிட்டார். என்ஜினுக்கு அது பொருந்தாது என்றார்.

யார்டில் மூன்று என்ஜின்கள் நின்றன. நம்பரைக் கோணி போட்டு மூடியிருந்தார்கள். முதல் லைனில் பச்சை எலெக்ட்ரிக், பின்னால் ஐம்பத்தெட்டுப் பெட்டி நிலக்கரி, வடக்கே போவது. இரண்டாம் லைனில் டீசல், உப்பு ஏற்றியது, மேற்கே போவது. மூன்றாம் லைனிலும் பச்சை எலெக்ட்ரிக்தான். சிமென்ட். அதுவும் வடக்கே. திருவேங்கடம் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். நேரம் உங்கள் பொறுப்பு என்றார்.

ஐந்தே கால்.

முதல் என்ஜின் முன்னால் கேரியரைத் திறந்து தூக்கிப் பிடித்தாள். குழம்பு மணந்தது. என்ஜின் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தது. ஐம்பத்தெட்டுப் பெட்டியையும் எண்ணிக்கொண்டு போய்த் திரும்பி வந்தாள். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, ஆனால் சும்மா நிற்க முடியவில்லை.

மூன்றாம் லைனுக்கு ஓடினாள். ஓடுகிறபோது செருப்பு வார் கழன்றது. கேரியரை என்ஜினுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த பஃபர்மேல் வைத்துவிட்டுக் குனிந்தாள். வார் லேசில் மாட்டவில்லை. நிமிர்ந்தபோது அந்த என்ஜின் ஒன்றுமே செய்யாமல் நின்றிருந்தது. ஏதாவது சொன்னால்தானே தெரியும் என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. கேரியரை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

ஐந்து நாற்பது. இரண்டாம் லைன் டீசலுக்கு முன்னால் போய் நின்றாள். மூடியைத் திறக்கக்கூட இல்லை.

உஸ்ஸ் என்று ஒரு பெருமூச்சு விட்டது அது.

அருளப்பன் அவள் சமையலுக்குப் பெருமூச்சு விட்டதில்லை. நன்றாக இருக்கிறது என்று ஒருநாள் சொன்னதில்லை. அவளுக்கு அது தெரியும். ஆனால் பத்தொன்பது வருஷமாக அந்தப் பெருமூச்சுக்காகத்தானே காத்திருந்தாள்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவர்தான் என்று கை காட்டினாள்.

"நிச்சயமாவா?" என்றார் திருவேங்கடம். "ஒரு தடவைதான் காட்டலாம்."

"எங்க வீட்டுக்காரரை எனக்குத் தெரியாதா சார்?"

கையெழுத்துப் போட்டாள். இனி முறைக்க வேண்டாம் என்றார். உப்புப் பெட்டிகளைக் கழற்றிவிட்டார்கள்.

என்ஜின் அவள் பின்னாலேயே வந்தது. தண்டவாளம் இல்லாத இடங்களில் கொஞ்சம் தயங்கியது. வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தது. உன் கைப்பக்குவம் யாருக்கு வரும் என்றது. இந்தப் புடவை உனக்கு எடுப்பாக இருக்கிறது என்றது. சுசீலாமேரிக்குச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு பேசுவாரா என்று ஆச்சரியமாகவும் இருந்தது. கோமளா வாசலுக்கு வந்து பார்த்தாள். மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

என்ஜினைச் சமையலறை ஜன்னலோரம் நிறுத்திவிட்டு, சாப்பாடு போடலாம் என்று கேரியரைத் திறந்தாள்.

காலியாக இருந்தது. சோறும் இல்லை, குழம்பும் இல்லை. மூன்று அடுக்கும் சுத்தமாகக் கழுவியிருந்தது. அடித்தட்டில் தண்ணீர் இன்னும் உலரவில்லை.

கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு பத்து.

"என்ன ஆச்சு?" என்று என்ஜின் ஜன்னல் வழியாகக் கேட்டது.

ஒன்றுமில்லை, இப்போது வடித்துவிடுகிறேன் என்றாள். உலை வைத்தாள். தண்ணீர் கொதித்தது. ஓர் ஆழாக்கு அரிசி களைந்து போட்டாள்.

அப்போது எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஹாரன் கேட்டது. இரண்டு குறில், ஒரு நெடில். நெடில் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது.

சுசீலாமேரி அரிசிப் பானைக்குள் கைவிட்டு இன்னோர் ஆழாக்கு அளந்தாள்.

"எனக்கு ஒரு ஆழாக்கே ஜாஸ்தி" என்றது என்ஜின்.

"இது உங்களுக்கில்ல" என்றாள்.